இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் செம்போத்து

அந்த வருஷம் மார்ச் மாதம் இரண்டாம் தேதி, காலை ஏழு மணிக்கு, அறுபது வருஷத்துக்கு முன்னால் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்த பதினொரு கிளுவை வாத்துகளும் இரண்டு நாரைகளும் ஒரு கால் நொண்டும் ஆட்காட்டிக் குருவி ஒன்றும், எழுதிய வரிசை கொஞ்சமும் மாறாமல் ஆல்டர்ஸ்பி சதுப்பில் வந்து இறங்கின. மூன்றாம் தேதி இரண்டாம் பக்கம் வந்தது. நான்காம் தேதி மூன்றாம் பக்கம் வந்தது. ஐந்தாம் தேதி பேய்மழை. நான்காம் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு மீன்கொத்திதான் என்றாலும் அதுவும் நனைந்துகொண்டே வந்து, கம்பத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது.

ஆல்டர்ஸ்பி இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், கடலுக்கு மூன்று மைல் உள்ளே, நாணலும் ஓடையும் சேறுமாகக் கிடக்கிற சின்ன ஊர். சதுப்பின் விளிம்பில் ஒரு மரக்குடில் உண்டு. பறவை பார்க்கிறவர்கள் அதற்குள் ஒளிந்துகொண்டு, நீளவாக்கில் திறக்கும் பலகை ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், ஃபிளாஸ்கைத் திறந்து டீ குடிப்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு ஊர்ப் பறவைக் கழகம் அங்கே கூடும். ஞாயிறுக்கு ஒரு பக்கம் என்று கண்டதைக் குறிப்பேட்டில் எழுதும். தேதி, பறவை, எத்தனை, முதலில் பார்த்தவர் என்று நான்கு கட்டங்கள். நான்காவது கட்டத்துக்காக அந்த ஊர் ஆட்கள் பட்ட பாட்டைச் சொன்னால் நம்ம ஊரில் சிரிப்பார்கள். சொத்துக்குச் சண்டை போடாத அண்ணன் தம்பிகள் அந்தக் கட்டத்துக்காக ஆறு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

குறிப்பேட்டைக் காத்து வந்தவள் டாரத்தி லார்ட்டர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நொண்டி ஆட்காட்டியைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வீட்டுக்குப் போய், அலமாரியிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்து, முதல் பக்கத்தைச் சரிபார்த்து, டீ போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் தெய்வசிகாமணிக்குப் போன் செய்தாள்.

"மணி, முதல் பக்கம் வந்திருக்கு. நாளைக்கு ரெண்டாம் பக்கம் வரும்னு நினைக்கிறேன். கேமரா எடுத்துட்டு வர முடியுமா?"

"வர்றேன் டாரத்தி," என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. வானமே இடிந்து விழுந்தாலும் 'கொஞ்சம் வழக்கத்துக்கு மாறா இருக்கு' என்று சொல்லிவிட்டு அடுப்பில் கெட்டிலை வைக்கிற ஜனங்கள் நடுவில் ஐம்பது வருஷம் குடியிருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

தெய்வசிகாமணி காவிரிக்கரையில் ஒரு சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறு சோதித்துக்கொண்டிருந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில், கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கிற இங்கிலாந்து ஆலையொன்றின் சோதனைக்கூடத்துக்கு வேலைக்கு வந்தார், மனைவி மரகதத்தையும் ஓர் இரும்புப் பெட்டியையும் அழைத்துக்கொண்டு. கரும்பை விட்டுக் கிழங்குக்கு வந்த மனுஷனுக்கு அந்தக் குளிரில் பொழுது போக ஒரு வழி வேண்டியிருந்தது. கேமரா வாங்கினார். பறவை பிடித்துக்கொண்டது. இப்போது வயது எழுபத்தெட்டு. மரகதம் போய் நான்கு வருஷம் ஆகிறது.

மாதத்துக்கு ஒரு பக்கமாக எழுதியது நாளுக்கு ஒரு பக்கமாக வந்தால் பன்னிரண்டே நாளில் ஒரு வருஷம் ஓடிவிடுமில்லையா, அப்படித்தான் ஓடியது. திங்கட்கிழமை ஜனவரி மாதத்துக் காட்டு வாத்துகள் கழுத்தில் பனியோடு இறங்கும். வெள்ளிக்கிழமை மே மாதத்துத் தகைவிலான்கள் வாயில் சேற்றோடு கூடு கட்ட இடம் தேடும். ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. தேவாலயத்துப் பெண்கள் முறை வைத்து டீயும் கேக்கும் கொண்டுவந்தார்கள். ஊராட்சி மன்றம் கூடி, குடிலுக்குள் ஒரே நேரத்தில் பதினான்கு பேருக்கு மேல் கூடாது என்றும், வாத்துப் பக்கங்களுக்கு நாயை அழைத்து வரக்கூடாது என்றும் அச்சடித்து ஒட்டியது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை என்று ஒன்று உருவாகிவிட்டால் பிறகு அது எதற்கான வரிசை என்பதைப் பற்றி அங்கே யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை.

படங்களில் மட்டும் ஒரு விசேஷம் இருந்தது. இன்றைய கேமராவில் எடுத்தாலும், கைபேசியில் எடுத்தாலும், படத்தில் விழுவது அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமையின் வெளிச்சம்தான். பெருங்காற்றில் விழுந்துபோன ஓக் மரம் படத்தில் நிமிர்ந்து நிற்கும். இடித்துவிட்ட காற்றாலை தூரத்தில் சுற்றும். ஒரு நாள் தெய்வசிகாமணி எடுத்த கிளுவைப் படத்தின் மூலையில், வேலிக்கதவில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள் இருந்தது. டாரத்தி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"பெல் உடைஞ்சிருக்கு பாருங்க. சரி பண்ணச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு," என்றாள். இருபது வருஷத்துக்கு முன் செத்துப்போன அவள் புருஷனுடைய சைக்கிள் அது. அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஊர்ச்சனங்கள் பறவைக்காக மட்டும் வரவில்லை. படத்தின் ஓரங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஊர் மண்டபத்தின் சுவரெல்லாம் தெய்வசிகாமணியின் படங்கள். அதில் ஒன்றின் கீழ் விளிம்பில் ரான் கெட்ஜின் தொப்பி பாதி தெரிந்தது.

இந்த ரான் கெட்ஜ் வாய்க்கால் வெட்டுகிறவனாக இருந்தவன். ஒரே காலையில் மூன்று கொண்டலாத்திகளைப் பார்த்தேன் என்று எழுதியவன். தெற்கிலிருந்து வழி தவறி ஒன்று வருவதே அபூர்வமான அந்த ஊரில், மூன்று என்றால் யார் நம்புவார்கள்? சாகிற வரைக்கும் அவனை 'மூணு கொண்டலாத்தி' என்றே கூப்பிட்டார்கள். நூற்று முப்பத்தோராம் பக்கம் வந்த அன்று, புல்வெளியில் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று கொண்டலாத்திகள் கொண்டையை விரித்து நடந்துபோயின. ஊராட்சி மன்றம் வருத்தம் தெரிவித்து ஒரு தீர்மானம் போட்டது. மழையில் குடை பிடித்துக்கொண்டு, அவன் கல்லறைக்கு முன்னால் நின்று அதைச் சத்தமாக வாசித்தார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பாதிரியார் ஹ்யூ பெல்லின் கதை நடந்திருந்தது. தொண்ணூற்றேழாம் பக்கத்தில் பாதிரியார், தன் இளவயதில், தன் கையால், 'விராலடிப்பான், ஒன்று' என்று எழுதியிருந்தார். மீன் பிடிக்கிற பெரிய பருந்து அது, அந்தப் பக்கம் வருவது அபூர்வம். அந்தப் பக்கத்தின் முறை வந்த அன்று மற்றதெல்லாம் வந்தது; விராலடிப்பான் வரவில்லை. மத்தியானம் வரை ஆகாயத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் எழுந்து, குளிர் அதிகமாக இருக்கிறது என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள். பார்த்தது மட்டுமே வரும், பார்க்காமல் எழுதியது வராது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

தெரிந்த நாளிலிருந்து தெய்வசிகாமணிக்குத் தூக்கம் போனது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவருடைய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது.

அது எழுபத்தெட்டாம் வருஷம் ஏப்ரல். மரகதம் அப்போது நாலு மாதம். முதல் இரண்டும் தங்காமல் போயிருந்ததால் வீட்டில் யாரும் வாய்விட்டு எதுவும் பேசிக்கொள்வதில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து பயந்துகொண்டிருக்க வேண்டாமே என்று அவர்தான் அவளைக் குடிலுக்கு அழைத்துப் போனார். மற்றவர்கள் கிழக்குக் கரைக்குப் போயிருந்தார்கள். அன்று காலை ஒரு குருகு நாணலிலிருந்து வெளியே வந்து நின்றதை முப்பது படம் எடுத்திருந்தார் தெய்வசிகாமணி. அந்த நேரம் பார்த்து ஃபிலிம் சுருள் கேமராவுக்குள் சிக்கிக்கொண்டது. வெளிச்சம் பட்டால் முப்பதும் போச்சு. கோட்டைக் கழற்றித் தலையோடு போர்த்திக்கொண்டு, உள்ளே குனிந்து, இருட்டில் விரலால் தடவித் தடவிச் சுருளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இங்க பாருங்க! செம்போத்து!"

"இரு மரகதம், ஒரு நிமிசம்."

"அட, ஒரு நிமிசமெல்லாம் அது நிக்காதுங்க. செம்போத்துங்க! நம்மூரு செம்போத்து! கண்ணு செக்கச்செவேல்னு இருக்குது. கோட்டைத் தூக்கிட்டுப் பாருங்களேன்!"

"ஃபிலிம் போயிரும்டி."

"பிலிமு கெடக்குதுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம், செம்போத்து கண்ணுல பட்டிருக்குது, இதுக்கு மேல என்னங்க வேணும்? பாருங்க, நடந்து போவுது. போவுது. போயிருச்சு."

கோட்டிலிருந்து அவர் தலையை நீட்டியபோது நாணல்தான் ஆடிக்கொண்டிருந்தது. மரகதம் அதற்குள் பேனாவை எடுத்து, பத்தாவது வரை படித்த ஆங்கிலத்தில், செம்போத்து ஒன்று என்று எழுத்துக்கூட்டி, முதலில் பார்த்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரையும் எழுதி முடித்திருந்தாள். சந்தோஷத்தில் எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறியிருந்தது.

தெய்வசிகாமணி அதைப் படித்தார். செம்போத்து இங்கிலாந்தில் கிடையாது. ஒரு தடவை இல்லாத பறவையை எழுதினவன் பேச்சு அப்புறம் அந்த ஊரில் எடுபடாது. ரான் கெட்ஜ் அந்த மண்ணில் பிறந்தவன், அவனையே சிரித்தார்கள். கழகத்தில் கறுத்த முகம் இவர் ஒருவர்தான். குறிப்பேட்டில் சொந்தமாக எழுதலாம் என்று இவருக்கு அனுமதி கொடுத்தே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே ஃபெசன்ட் என்று ஒரு காட்டுக்கோழி, வயலுக்கு வயல் மேயும். அதன் பெட்டை பழுப்பு நிறம், நீள வால். டாரத்தியின் சிவப்புப் பென்சிலை எடுத்து, மரகதம் எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'பெட்டை ஃபெசன்ட், ஒன்று' என்று எழுதி, முதலில் பார்த்தவர் கட்டத்தில் தன் பெயரைப் போட்டார்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள் மரகதம்.

"இல்ல."

"அப்பறம் எப்படிங்க எழுதுனீங்க?"

"இந்த ஊர்ல அதுதான் கண்ணு இருக்கும்."

அவள் ஃபிளாஸ்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு குடில் பக்கம் அவள் கால் வைக்கவே இல்லை. நாற்பத்தோரு வருஷம், மாதம் தவறாமல், எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்து, கதவு வரை வந்து, மப்ளரைச் சுற்றிவிட்டு அனுப்பினாளே தவிர, வா என்றால் 'எனக்குப் பறவை பாக்கத் தெரியாதுங்க' என்று சிரிப்பாள். அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பூங்கொடி என்று பெயர் வைத்தார்கள். 'செம்போத்து குடுத்த புள்ள' என்பாள் மரகதம். 'ஃபெசன்ட் குடுத்த புள்ள' என்பார் இவர். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இந்த வேடிக்கை நடந்தது. வேடிக்கையின் கடைசியில் அவள் முகம் ஒரு கணம் திரும்பிக்கொள்ளும். அதை அவர் ஒவ்வொரு முறையும் பார்த்தார், ஒரு முறையும் கேட்கவில்லை. குருகுப் படம் முப்பதும் ஆட்டம் கண்டு மங்கலாகத்தான் வந்திருந்தது என்பதையும் அவளிடம் சொல்லவில்லை.

இப்போது அவர் பயமெல்லாம் ஒன்றுதான். ஃபெசன்ட் வந்தால் அவர் ஜெயித்தவர் ஆவார். மரகதம் இல்லாத வீட்டில் அப்படி ஒரு ஜெயிப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது? ஒன்றுமே வராவிட்டாலோ அதைவிட மோசம். ஊரே கூடி நின்று, அவள் பார்க்கவில்லை என்று சாட்சி சொன்னதாக ஆகிவிடும். பாதிரியாராவது உயிரோடு இருந்து தலைகுனிந்தார்.

செப்டம்பர் இருபதாம் தேதி டாரத்தி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். டாரத்தி குறிப்பேட்டை அவர் முன்னால் வைத்தாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் என்ன என்று அவர் நினைத்தது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனவள், ஒரு டீக்கு ஆகிற நேரத்தைப் போல நாலு மடங்கு எடுத்துக்கொண்டாள். தெய்வசிகாமணி பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தார். சிவப்புக் கோட்டின் கீழே மரகதத்தின் எழுத்து, மேலே ஏறுகிற எழுத்து, நாற்பத்தைந்து வருஷமாக அப்படியே சந்தோஷமாக இருந்தது. விரலை எடுத்துக்கொண்டார்.

"அடிச்சது வருமா டாரத்தி, மேல எழுதினது வருமா?"

"அடிச்சிருந்தாலும் எழுத்து எழுத்துதான் மணி. சர்க்கரை எத்தனை கரண்டி?"

விஷயம் எப்படியோ ஊருக்குள் பரவி, மதுக்கடையில் ஒன்பது நாள் இதே பேச்சாக இருந்தது. ஃபெசன்ட் என்று பாதிப்பேர், ஒன்றும் வராது என்று பாதிப்பேர். செம்போத்து என்று சொன்னவர் பாதிரியார் ஒருவர்தான். அவரும் மரியாதைக்குச் சொன்னதாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். லீட்ஸ் நகரத்தில் ஆசிரியையாக இருக்கும் பூங்கொடி போனில், "அப்பா, நான் வர்றேன். அன்னைக்கும் நான் அங்க இருந்தேன்ல," என்றாள்.

இருபத்தொன்பதாம் தேதி காலை குடிலில் பதினான்கு பேருக்கு அனுமதி; இருபத்தாறு பேர் இருந்தார்கள், அறிவிப்பை ஒட்டியவர்களே அதில் எட்டுப் பேர். பாதிரியார் பெல் தடியை ஊன்றி வந்து தெய்வசிகாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வராம போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மணி. அதனால பக்கத்துல இருக்கேன்," என்றார்.

முதல் வரி வந்தது: ஆறு உள்ளான்கள். இரண்டாம் வரி: ஒரு பூனைப்பருந்து. குருகு வந்தது, முப்பது படம் எடுக்கிற நேரம் நின்றது. தெய்வசிகாமணி ஒரு படம்கூட எடுக்கவில்லை. கேமரா கழுத்தில் தொங்கியது, கை அதன் பக்கம் போகவில்லை. டாரத்தி குறிப்பேட்டில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே வந்தவள் ஏழாவது வரியில் நிறுத்தினாள். யாரும் ஃபிளாஸ்கைத் திறக்கவில்லை.

ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. அன்றைக்கு ஒரு விஷயத்தை எல்லாருமே கவனித்தார்கள்: எந்த நாளும் வழியில் குறுக்கே ஓடி வண்டிச் சக்கரத்தில் விழுகிற ஃபெசன்ட் அன்று ஊரில் எங்குமே கண்ணில் படவில்லை, வயலில் இல்லை, வேலியில் இல்லை, கூவல்கூட இல்லை. ஊரிலேயே பயந்து பயந்து உண்மை எழுதிய மனுஷன், அந்தப் புத்தகத்தில் தான் எழுதிய ஒரே பொய் எது என்று அப்போது தெரிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது ஆல்டர் மரத்தடியில் நாணல் விலகியது.

கரி உடம்பும் செங்கல் நிற இறக்கையுமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்குகிற பெரிய மனுஷனைப் போல, ஒரு செம்போத்து வெளியே வந்தது. நின்றது. கழுத்தைத் தாழ்த்தி, அடித்தொண்டையில், ஊப் ஊப் ஊப் என்று கூப்பிட்டது. இங்கிலாந்தின் ஈரக்காற்றில் அந்தச் சத்தம் ஒரு காவிரிக்கரைக் காலையையே கொண்டுவந்து இறக்கியது. கண் செக்கச்செவேல் என்றுதான் இருந்தது.

சுற்றிலும் இருபத்தைந்து கேமராக்கள் சடசடவென்று அடித்தன. தெய்வசிகாமணி வெறுங்கண்ணால் பார்த்தார், அது நடப்பதை, வாலை இழுத்துக்கொண்டு திரும்புவதை, ஒரு நிமிஷம்கூட நிற்காமல் போவதை, போயே போனதை, ஒன்று விடாமல் பார்த்தார்.

"கொஞ்சம் வழக்கத்துக்கு மாறான பறவைதான்," என்றார் பாதிரியார் பெல்.

பின்னால் நின்று கைபேசியில் எடுத்திருந்த பூங்கொடி, படத்தை அப்பாவிடம் நீட்டினாள். பறவை நடுவில் இருந்தது. தூரத்தில் விழாத ஓக் மரம் நின்றது. கீழே, ஜன்னல் பலகையின் மேல், பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை, விரலை நீட்டிச் செம்போத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கைக்குப் பக்கத்தில், படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, பழுப்புக் கோட்டுக்குள் ஓர் ஆள் மூட்டையாகக் குனிந்திருந்தான்.

"அம்மா கை," என்றாள் பூங்கொடி.

தெய்வசிகாமணி திரையில் அந்த விரலைத் தொட்டார். "பாத்துட்டேன் கண்ணு," என்றார், கையைப் பார்த்து. "பாத்துட்டேன்."

டாரத்தி புதிய குறிப்பேட்டைத் திறந்து, பேனாவை அவரிடம் கொடுத்தாள். அவர் தேதியை எழுதினார். செம்போத்து, ஒன்று என்று எழுதினார். நான்காவது கட்டத்தில் மரகதம் என்று தமிழிலேயே எழுதினார். டாரத்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எழுத்து தெளிவா இருக்கு. கூட இருந்தவர்னு உங்க பேரையும் போடலாமே மணி, விதியில இடம் இருக்கு."

"வேண்டாம் டாரத்தி," என்றார் தெய்வசிகாமணி. "நான் அப்போ கோட்டுக்குள்ள இருந்தேன்."